வாலில் தொடங்கும் வழுக்கை... தெரியுமா?

கீரிப்பிள்ளை போல நீண்டு நெளியும் உடல், ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரத் தூக்கம், விழித்தால் ஓயாத துள்ளல்! இதுதான் ஃபெரெட். வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டுவதற்காக ஐரோப்பாவில் 2000 ஆண்டுகளுக்கும் மேலாக வளர்க்கப்பட்ட பிராணி, இன்று அமெரிக்க வீடுகளில் செல்லப்பிள்ளை. இந்தச் செல்லங்களில் சிலவற்றுக்கு நடுவயதில் வாலில் முடி கொட்ட ஆரம்பிக்கும். இடுப்பு, விலா, முதுகு என்று இரு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை ஏறிக்கொண்டே போகும். கோளாறு தோலில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை! சிறுநீரகத்துக்கு அருகில் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது!

நாய்க்கும் அட்ரினல் நோய் வரும். அதில் பெரும்பாலும் எகிறுவது கார்ட்டிசால். ஃபெரெட்டுக்கோ எகிறுவது பாலின ஹார்மோன்கள். சினைப்பையையே அகற்றிவிட்ட பெண் ஃபெரெட்டுக்குப் பருவத்துக்கு வந்தது போலப் பிறப்புறுப்பு வீங்குகிறது. ஆணுக்குப் புராஸ்டேட் பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெரிக்கிறது. சொட்டுச் சொட்டாக முக்கிக்கொண்டிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது, அன்றைக்கே மருத்துவமனை!

ஏன் இப்படி? சினைப்பையோ விதையோ இருக்கும்வரை, அவை சுரக்கும் ஹார்மோன்தான் மூளைக்கு ‘போதும்’ என்று சொல்லும். கருத்தடை செய்து அவற்றை எடுத்துவிட்டால் அந்தக் குரல் நின்றுபோகிறது. மூளையோ ஹார்மோன் சுரக்கச் சொல்லும் கட்டளையை நிறுத்துவதில்லை. கேட்க வேறு ஆள் இல்லாமல் அந்தக் கட்டளையை அட்ரினல் சுரப்பி ஏற்றுக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்டுப் பெருக்கிறது, கட்டியாகிறது. நெதர்லாந்தில் 2000-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது: கருத்தடைக்கும் நோய் தெரிவதற்கும் இடையே சராசரியாக மூன்றரை ஆண்டுகள்! அமெரிக்கக் கடைகளுக்கு வரும் குட்டிகளுக்கோ ஆறு வார வயதிலேயே கத்தி வைத்துவிடுகிறார்கள். நினைக்கவே மனம் பதைக்கிறது.

அப்படியானால் கருத்தடையே வேண்டாமா? அங்கேதான் சிக்கல். பெண் ஃபெரெட் இணை சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டை வெளிப்படும். இணை கிடைக்காவிட்டால் பருவம் மாதக்கணக்கில் நீளும். அப்போது ஓயாமல் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையையே முடக்கி உயிரைக் குடிக்கும்!

மூளையின் அந்தக் கட்டளையைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்சத்துக்கு இப்போது வருவோம். குளிர்காலத்தில் மின்விளக்கால் பகலை நீட்டினால் ஃபெரெட் காலம் தவறிப் பருவத்துக்கு வந்துவிடும் என்று 1930-களிலேயே அமெரிக்காவில் பிஸ்ஸனெட் என்ற விஞ்ஞானி காட்டினார். அதன் உடலுக்கு நாட்காட்டியே இருள்தான்! இருட்டில் மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு நீண்டால் அது கூடும், இனப்பெருக்கக் கட்டளை அடங்கும். இந்த மெலடோனினை 1958-ல் மாடுகளின் பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரோன் லெர்னர். மிங்க் பண்ணைகளில் குளிர்கால ரோமம் முன்கூட்டியே வளர்வதற்காக இதைத் தோலடியில் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

ஃபெரெட் வளர்ப்போர் இந்த நோய்க்குச் சத்து மாத்திரைகளில் எதை எதையோ தேடுகிறார்கள், மூலிகைச் சாறுகள் உள்பட. அவற்றில் ஆய்வில் பலன் காட்டியது மெலடோனின்தான். 2006-ல் வெளியான ஆய்வில் 10 ஃபெரெட்டுகளுக்குத் தினமும் அரை மில்லிகிராம் வாய்வழியாகக் கொடுத்தார்கள். முடி வளர்ந்தது, புராஸ்டேட் சுருங்கியது, சுறுசுறுப்புத் திரும்பியது! ஆனால் எட்டாம் மாதப் பரிசோதனையில் ஆறு ஃபெரெட்டுகளுக்கு அறிகுறிகள் மீண்டும் வந்திருந்தன. மெலடோனின் அறிகுறியைத் தணிக்கும், கட்டியைக் கரைக்காது. வால் பளபளப்பதைப் பார்த்து ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இன்னொரு அதிர்ச்சி! அமெரிக்காவில் மெலடோனின் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும் சத்து மாத்திரை. பிரிட்டனிலோ சீட்டு வேண்டும். கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் போட்ட அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு! சுமார் ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு இது விளையாட்டா? மனிதர்களுக்கான சப்பும் மாத்திரைகளில் சைலிட்டால் இனிப்பு இருக்கலாம். நாய்க்கு அது விஷம். ஃபெரெட் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நேரமும் முக்கியம்: சூரியன் உதித்து 7 முதல் 9 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்வார்கள் மருத்துவர்கள்.

மூளையின் கட்டளையையே அடக்கும் மருந்து ஒன்று உண்டு: டெஸ்லோரெலின். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய குச்சி, தோலுக்கடியில் வைத்தால் போதும். முதலில் கட்டளையைக் கூட்டுகிறது! அந்த இரைச்சலில் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி மரத்துப்போய், பல மாதங்கள், சில ஃபெரெட்டுகளுக்கு ஓர் ஆண்டுக்கு மேலும், அடங்கிக்கிடக்கிறது. அமெரிக்காவில் இந்த நோய்க்கு இதைப் பயன்படுத்த 2012-ல் வழி திறந்தது. நெதர்லாந்து மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கத்தியே வேண்டாம், கருத்தடைக்கே இந்தக் குச்சியை வைக்கலாம் என்றார்கள். பருவமும் அடங்கும், அட்ரினலைத் தூண்டும் கட்டளையும் அடங்கும், ஒரே குச்சியில்!