தொடாமலே செதுக்கும் தீப்பொறி

வைரத்தை வைரத்தால்தான் அறுக்கணும் என்பார்கள். உலோகப் பட்டறையிலும் பொதுவாக இதே கதைதான்: வெட்டும் உளி, வெட்டுப்படும் பொருளைவிடக் கடினமாக இருக்கணும். அப்படியானால் ஏற்கெனவே சூடேற்றிக் கடினப்படுத்திய எஃகு அச்சில் ஆழமான சதுரப் பள்ளம் எடுப்பது எப்படி?

மெத்தென்ற செம்பை வைத்து எடுக்கலாம். ஆனால் தொடக்கூடாது!

இடிஎம் என்கிற மின்பொறி அரிப்பு முறை இதுதான். வேண்டிய வடிவத்தில் செம்பிலோ கிராஃபைட்டிலோ ஒரு மின்முனை. அதையும் எஃகையும் மண்ணெண்ணெய் போன்ற, மின்சாரம் கடத்தாத எண்ணெயில் மூழ்கடித்து, தலைமுடி கனத்துக்கும் குறைவான இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். மின்னழுத்தம் ஏறியதும், இரண்டும் மிக நெருங்கியிருக்கும் புள்ளியில் எண்ணெய் தாக்குப்பிடிக்காமல் பொறி பாயும். அங்கே வெப்பம் 8000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். துளியூண்டு எஃகு உருகும். மின்சாரத்தை நிறுத்தியதும் ஆவிக்குமிழி உடைந்து, உருகியது தெறித்துவிடும், எண்ணெய் அதைக் கழுவிக்கொண்டு போகும். மிச்சம் ஒரு குட்டிப் பள்ளம். அடுத்த பொறி, அடுத்த நெருக்கமான புள்ளியில். நொடிக்கு ஆயிரக்கணக்கில் இப்படி.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 'நிறுத்தும்' நேரம். இடைவெளி விடாவிட்டால் எண்ணெய் பழைய நிலைக்குத் திரும்பாது. பொறி ஒரே இடத்தில் நின்று பொருளைக் கருக்கிவிடும்.

இந்த முறை பிறந்ததே ஒரு தொல்லையிலிருந்துதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோவியத் விஞ்ஞானிகளான போரிஸ், நடாலியா லாசரென்கோ தம்பதியர், டங்ஸ்டன் மின்தொடர்பு முனைகள் பொறியால் அரிபடுவதைத் தடுக்கப் பார்த்தார்கள். எண்ணெயில் மூழ்கடித்தும் அரிப்பு நிற்கவில்லை, ஆனால் சீரானது. சரி, இதையே கருவியாக்கலாமே என்று 1943-இல் திருப்பிப் போட்டார்கள்.

நம்ம ஊர்ப் பட்டறைகளில் 'வயர்கட்' என்பதும் இதன் தம்பிதான். பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, எண்ணெய்க்குப் பதில் அயனி நீக்கிய தண்ணீர்.

இலவசமாக எதுவும் கிடைக்காது இல்லையா? வேலை மெதுவாகத்தான் நடக்கும், மின்முனையும் தேயும், மின்சாரம் கடத்தாத பொருளில் செல்லாது. முக்கியமாக, தெறிக்காமல் தங்கிய உருகல் மேலேயே உறைந்து மெல்லிய தோலாகப் படியும். அதில் நுண்விரிசல்கள் இருக்கலாம். சாதாரண அச்சில் பெரும்பாலும் பரவாயில்லை. விமான டர்பைன் இறக்கையில் குளிர்காற்றுத் துளை போடுவதும் இதே முறையில்தான். அங்கே அந்த விரிசல் சுழற்சிக்குச் சுழற்சி வளரும். அதனால் அந்தத் தோலின் கனத்துக்கு வரம்பு வைப்பார்கள், இல்லையேல் நீக்கிவிடுவார்கள்.

உளி படாத பரப்பு என்பதால் காயமே படாத பரப்பு என்று அர்த்தமில்லை.