கழுத்துக் கழலையும் எலியின் மூளையும்

இலங்கையில் கழுத்துச் சுரப்பி வீங்கும் கழலை நோய் நெடுங்காலமாகக் காணப்பட்டு வந்த வலயத்தில் ஊவா மாகாணத்தின் சில பகுதிகளும் அடங்கும். மலைச்சரிவுகளின் மண்ணிலுள்ள அயடீனைப் பெருமழை கரைத்துக் கொண்டுபோய்விடுவதால், அங்கு விளையும் உணவிலும் அது குறைகிறது. ஆனால் உணவில் ஒரு தாதுப்பொருள் குறைந்தால் கழுத்திலுள்ள சுரப்பி சுருங்காமல் ஏன் பருக்க வேண்டும்? இதற்கான விடை கழுத்தில் இல்லை. மூளையின் அடிப்பகுதியில், பரிவகக்கீழ் எனப்படும் சிறு பகுதியில் இருக்கிறது.

அங்குள்ள சில நரம்புக்கலங்கள், மூன்றே அமினோ அமிலங்களாலான ஓர் ஓமோனை மிகச் சிறிய அளவில் குருதியில் விடுகின்றன. தேயிலைத் தோட்டத்தில் துரையின் கட்டளை கணக்கப்பிள்ளை வழியாக மலைக்கு வந்து சேர்வதைப் போல, அந்த ஓமோன் அடுத்துள்ள கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி வேறோர் ஓமோனைச் சுரந்து கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியை வேலைக்கு ஏவுகிறது. தைரொயிட்டு ஆக்கும் தைரொட்சின் குருதியில் போதிய அளவு சேர்ந்ததும், பரிவகக்கீழும் கபச்சுரப்பியும் அதை உணர்ந்து தூண்டலைக் குறைத்துக்கொள்கின்றன. அயடீன் இல்லையேல் தைரொட்சின் ஆகாது. தைரொட்சின் ஆகாவிட்டால் கட்டளையும் தணியாது. இடைவிடாத அந்தத் தூண்டலுக்கு உட்பட்டே சுரப்பி பருக்கிறது. ஆகவே கழலையைச் சுரப்பியின் கோளாறாக மட்டும் கருதுவது பாதி உண்மையே. இல்லாத மூலப்பொருளுக்காக வேலை வாங்கப்பட்ட சுரப்பி அது.

மூளை குருதி வழியாகவே கபச்சுரப்பியை ஆள்கிறது என்பதைத் தெளிவாக்கியவை எலிகளில் செய்யப்பட்ட சோதனைகளாகும். ஜெஃப்ரி ஹாரிஸும் டோரா யாகொப்சோனும் 1952இல் வெளியிட்ட ஆய்வில், கபச்சுரப்பி நீக்கப்பட்ட பெண் எலிகளின் பரிவகக்கீழுக்கு நேர் கீழே வேறொரு கபச்சுரப்பியைப் பொருத்தியபோது, அங்குள்ள நுண் குருதிக்குழாய்கள் அதனுள் வளர்ந்து எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி மீண்டது; அதே சுரப்பியை மூளையின் வேறொரு பகுதியின் கீழ் வைத்தபோது, குருதி கிடைத்தும் அச்சுழற்சி மீளவில்லை. குருதி மட்டும் போதாது, பரிவகக்கீழிலிருந்து வரும் குருதியே வேண்டும் என்பதே இதன் பொருள். தைரொயிட்டை ஆளும் பரிவகக்கீழ் ஓமோனின் அமைப்பை, இலட்சக்கணக்கான ஆடு, பன்றி மூளைத் துண்டுகளை அரைத்து, ரொஜர் கில்லெமின், அன்ட்ரூ ஷாலி ஆகியோரின் போட்டிக் குழுக்கள் 1969இல் கண்டறிந்தன. இருவரும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். எலிகள் பட்டினி கிடக்கும்போது பரிவகக்கீழின் நரம்புக்கலங்கள் இந்த ஓமோனின் ஆக்கத்தைக் குறைத்து உடலின் எரிசக்திச் செலவை மட்டுப்படுத்துகின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது.

இவ்வளவு நுட்பமான ஒழுங்குக்கும் வேண்டிய அயடீன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மைக்ரோகிராம்தான். இலங்கையில் 1995 முதல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். ஆயினும் கல்லுப்பை அழுக்குப் போகக் கழுவினால் அயடீனும் நீரோடு போய்விடும். அடுப்பங்கரை வெப்பத்திலும் ஈரத்திலும் திறந்து கிடக்கும் உப்பிலும் அது மெல்லக் குறையும். தோட்டத்து லயன் வீட்டுச் சமையலறையில் உப்பைக் கழுவாமல், மூடியுள்ள போத்தலில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, கறியை இறக்கும் தறுவாயில் சேர்ப்பதே சரியான முறை.