டிஎம்டி கம்பியில் கத்தி வராது

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக்குப் பஞ்சம் கிடையாது. சிப்காட் வளாகத்தைச் சுற்றிப் பழைய இரும்பை மின் உலையில் உருக்கி டிஎம்டி கம்பியாக உருட்டும் ஆலைகள். கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரம் லாரிப் பட்டறைகள். திருவள்ளூர் பக்கம் போனால் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. லீவு நாளில் வீட்டுப் பின்புறம் சின்னதாக ஓர் உலை மூட்டி, சுத்தியல் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர், பெரும்பாலும் கையில் கிடைத்த கட்டுமானக் கம்பித் துண்டைத்தான் முதலில் காய்ச்சுவார். கொக்கி அடித்தால் அழகாக வரும். கத்தி அடித்தாலும் கத்தி போல ஒன்று வரும். நாலு நாள் தக்காளி நறுக்கும், பிறகு மழுங்கும். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

காரணம் கார்பன். காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிரவைத்தால் அது கெட்டிப்பட வேண்டும். வெட்டும் கருவிக்குப் போதுமான அளவு கெட்டிப்பட, கார்பன் சுமார் அரை சதவீதமாவது இருப்பது நல்லது. கட்டுமானக் கம்பிக்கான ஐஎஸ் 1786 தரநிலை, எஃப்இ 500 ரகத்துக்கு 0.30 சதவீதத்துக்கு மேல் கார்பனை அனுமதிப்பதில்லை. 500டி ரகத்துக்கு 0.25தான். கம்பி வளைய வேண்டும், வெல்டிங் ஏற்க வேண்டும், நிலநடுக்கத்தில் முறியக் கூடாது. அதற்காக வேண்டுமென்றே குறைத்து வைத்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்காலத்து உருக்குத் தொழிலாளர்கள் செய்தது இதற்கு நேர் எதிர்: இரும்பை மூசையில் அடைத்து, கார்பனை ஏற்றி எஃகாக்கினார்கள்.

டிஎம்டி கம்பிக்கு அப்புறம் எங்கிருந்து வலு வருகிறது? உருட்டு ஆலையின் கடைசி உருளையைத் தாண்டியதும் தகிக்கும் கம்பியை நீர்ப்பெட்டிக்குள் ஓட விடுகிறார்கள். மேல்தோல் நொடியில் குளிர்ந்து கெட்டிப்படுகிறது. உள்ளே இன்னும் சூடு இருக்கிறது. அந்தச் சூடு வெளியே பரவி, கெட்டித் தோலைப் பதப்படுத்துகிறது. கடினத் தோல், இளகிய நடு. கம்பியைக் குறுக்கே அறுத்து மெருகேற்றி, நீர்த்த அமிலம் தடவினால் அந்த வளையம் கண்ணுக்கே தெரியும். நம் உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்ட நிமிஷம் அந்தத் தோல் போய்விடும். மிஞ்சுவது சாதாரண இளகிய இரும்பு. ஆணி, கொக்கி, கரண்டிக் காம்பு, ஜன்னல் வளையம் என்று கை பழக அது போதும், விலையும் குறைவு.

கத்தி, உளி, அரிவாள் என்றால் லாரியின் ஸ்பிரிங் பட்டைதான். அரிவாள் அடிக்கும் பட்டறைகள் பல காலமாக நம்பியிருப்பதும் அதைத்தான். பட்டைக்கு உதவும் எஃகில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். காயலான் கடையில் வாங்கும்போது நடு போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பல வருஷம் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். பட்டை மாற்றும் கடையில் புதுப் பட்டையின் வெட்டுத்துண்டு கிடைத்தால் அதையே எடுங்கள்.

எது எந்த இரும்பு என்று தெரியாமல் குவியலில் கிடந்தால் கிரைண்டரில் பிடித்துப் பாருங்கள். கார்பன் குறைந்த இரும்பின் பொறி நீளமாக, நேராக ஓடும். கார்பன் கூடினால் பொறி குட்டையாகி, மத்தாப்பு போலக் கிளைத்துச் சிதறும். அதைவிட உறுதியான சோதனை: சின்னத் துண்டைக் காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, ஆறியதும் அரம் போட்டுப் பாருங்கள். அரம் வழுக்கினால் கெட்டிப்படும் எஃகு. கடித்தால் கம்பி ரகம்.

சில இரும்பை உலைப் பக்கமே கொண்டு வரக் கூடாது. ஜிஐ பைப்பில் பூசிய துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து வெண்புகையாகும். சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல். குரோம் பூச்சுள்ள ஷாக் அப்சார்பர் தண்டு அதைவிட மோசம். இரு முனையும் மூடிய பைப்பு வெடிக்கும்.

பட்டடைக்குத் தண்டவாளத் துண்டைத் தேடி அலைகிறார்கள். திருடப்பட்டதென்று சந்தேகப்படும் ரயில்வே சொத்தைக் கணக்குக் காட்டாமல் வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பில் இல்லாமல் தொடாதீர்கள். கிடைத்தால் படுக்க வைக்காமல் நட்டுக்குத்தலாக நிறுத்திப் புதையுங்கள். மொத்த எடையும் அடிவிழும் இடத்துக்குக் கீழே வந்துவிடும். என்னைக் கேட்டால் தண்டவாளமே வேண்டாம் என்பேன். ஃபேப்ரிகேஷன் கடைக் கழிவில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில், ஓரடி நீளத்தில் ஒரு கட்டை கிடைத்தால் அது 23 கிலோவுக்கு மேல் வரும். பட்டடைக்கு அதற்குமேல் தொடக்கக்காரருக்கு எதுவும் தேவையில்லை. கூடவே ஒரு கிலோ சுத்தியல், வாய் சரியாகக் கவ்வும் குறடு, கண்ணாடி, பருத்தி உடுப்பு. பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும்.

கரிக்கு நமக்குச் சீமைக் கருவேலம் இருக்கிறது. தென்மாவட்டங்களில் சுட்டு மூட்டை மூட்டையாக வருகிறது. இரும்பைக் காற்று வரும் துளைக்கு நேரே வைக்காதீர்கள்; அங்கே எரியாத காற்று அதிகம், இரும்பே செதில் செதிலாக எரியும். கரிமேட்டின் நடுவில், மேலும் கீழும் கரி சூழ வையுங்கள். இன்னொன்று, உச்சி வெயிலில் உலை வேலை வேண்டாம். உடம்புக்காக மட்டும் சொல்லவில்லை. வெயிலில் சூட்டின் நிறம் மங்கித் தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்துக் காய்ச்சிக்கொண்டே போவீர்கள். பட்டையிலிருந்து பொறி பறந்தால் எஃகு கருகிவிட்டது, அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான். ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள்; மங்கிய சிவப்புக்கு வந்ததும் நிறுத்தி மறுபடி உலையில் வையுங்கள்.

முதல் எஃகு வேலைக்கு அரிவாள் வேண்டாம், இரும்பு வெட்டும் உளி போதும். வடிவம் வந்ததும் மூன்று முறை காந்தம் ஒட்டாத சூடு வரை ஏற்றிக் காற்றில் ஆறவிடுங்கள். காந்தம் விடுவது சுமார் 770 டிகிரியில். பிறகு நுனியை மட்டும் அதற்குச் சற்று மேலே காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் சமையல் எண்ணெயில் தோய்த்தெடுங்கள். தண்ணீரில் தோய்த்தால் பட்டை விரிசல் விடும். எண்ணெய் தீப்பிடிக்கலாம், தகர மூடி பக்கத்தில் இருக்கட்டும். இப்போது நுனி கண்ணாடி போல உடையும் நிலையில் இருக்கிறது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, உளியின் பின்பக்கத்தை மெதுவாகச் சூடாக்குங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் நுனியை நோக்கி நகரும். ஊதா நுனியைத் தொட்டதும் எண்ணெயில் போட்டு நிறுத்துங்கள். மரவேலை உளி என்றால் வைக்கோல் மஞ்சளிலேயே நிறுத்த வேண்டும். வெட்டிப் பார்க்கும்போது நுனி தெறித்தால் அடுத்த முறை நீலம் தொடங்கும் வரை விடுங்கள். மடங்கினால் பழுப்பில் நிறுத்துங்கள்.