சைனஸ்தானா? சதையைக் கேளுங்கள்

ஒரு பக்க மூக்கடைப்பு, அவ்வப்போது ரத்தக் கசிவு, கண்ணைச் சுற்றி வீக்கம். பார்த்ததும் சைனஸ் என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மூக்கில் தொடங்கும் 'என்கே/டி செல் லிம்ஃபோமா' என்ற புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ள இந்நோய் கிழக்கு ஆசியாவில் அதிகம், இந்தியாவில் அரிது. ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் தற்காலிகமாக வடியலாம். குணமானதுபோல் ஏமாற்றிவிட்டு மறுபடி தலைதூக்கும். ஆகவே திரும்பி வந்த வீக்கத்துக்கு மீண்டும் ஸ்டீராய்டு எழுதுமுன் சதைப் பரிசோதனை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தமான் போன்ற தொலைதூரத் தீவுகளில் இந்தப் பரிசோதனை நடக்கிற காரியமா என்று கேட்கலாம். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு 1,300 கி.மீ.க்கும் மேல்; கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். ஆனால் முதலில் பயணப்பட வேண்டியது நோயாளி அல்ல, திசு. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகுக் கட்டியில் பதித்த துணுக்கு கெடாமல் கடல் தாண்டும். அதிலேயே இந்நோய்ச் செல்களில் வழக்கமாகக் காணப்படும் சிடி56 புரதத்தையும் வைரஸின் தடயத்தையும் தேடிவிடலாம். முதல் துணுக்கில் செத்த சதை மட்டுமே தெரிவது இந்நோயில் சகஜம். அப்போது 'புற்றுநோய் இல்லை' என்று முடித்துவிடாமல், ஆழமாக மறுபடி எடுக்க வேண்டும்.

2021-இல் நாட்டை உலுக்கிய, இதே அறிகுறிகளைத் தரும் கருப்புப் பூஞ்சைத் தொற்றுதானே இந்தியாவில் அதிகம் என்பது நியாயமான மறுப்பு. அதையும் உறுதிசெய்ய உடனடியாகத் திசு வேண்டும்; அதிலும் ஸ்டீராய்டு ஆபத்து. மூக்கோடு நிற்கும்போதே லிம்ஃபோமாவைக் கண்டால் கதிர்வீச்சும் மருந்தும் பலரைக் காப்பாற்றுகின்றன. வீக்கம் திரும்பினால், 'சதை எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள்.