காரும் ஒரு குக்கர்தான்!

“என்னங்க, முன்னாடி புகை வருதே!” என்று நான் அலறியபோது எங்கள் கார் ஏற்காடு மலைப் பாதையில் பாதி தூரம்கூட ஏறியிருக்கவில்லை. அது 2019-ம் வருஷம் மே மாதம். சேலத்து வெயிலுக்குப் பயந்து, பின் சீட்டில் மாமியார், மடியில் புளியோதரைத் தூக்கு, தயிர் டப்பா சகிதம் கிளம்பியிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதிலேயே வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

“தண்ணி காலியாயிருக்கும், ஊத்தினா சரியாப் போயிடும்” என்றபடி என் கணவர் கைக்குட்டையைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அவ்வளவுதான்! ‘புஸ்’ஸென்று கொதிநீர் பீய்ச்சி அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. “தயிரைத் தடவும்மா” என்றார் மாமியார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் கையில் மெள்ள ஊற்றிக்கொண்டே, பின்னால் வந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். நான் செய்ததுதான் சரி என்றார் டாக்டர். தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

தினமும் குக்கர் வைக்கிற எனக்கு இது தோன்றாமல் போச்சே என்றுதான் வருத்தம். ஆவி அடங்காமல் குக்கரைத் திறப்போமா? ரேடியேட்டரும் அதே கதைதான். அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. மூடியைத் திறந்து அழுத்தம் போன அந்த நிமிஷமே மொத்தமாகக் கொதித்துச் சீறும்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் பாய் கேட்ட முதல் கேள்வி, “ரெண்டு வருஷமா போர் தண்ணியா ஊத்தினீங்கம்மா?” என்பதுதான். ஆமாம், அதைத்தான் ஊற்றினோம். வெந்நீர் அண்டாவில் வெள்ளையாக உப்புப் படியுமே, அதேபோல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்திருந்தது. போதாததற்குத் துரு வேறே.

கூலண்ட் என்பது வெறும் கலர் தண்ணீர் இல்லை. எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனமும், துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் சேர்ந்தது. இதைத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் சுலபத்தில் கொதிக்காது. ஆனால் அந்தத் துரு மருந்து நாளாக ஆக வலுவிழந்துவிடும். அதனால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய வகைக்கு இரண்டு வருஷம், நீண்டநாள் வகைக்கு ஐந்து வருஷம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் முடிவு. கலரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே கலரில் வேறு வேறு வகைகள் உண்டு. ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது.

பாய் சொல்லிக்கொடுத்தபடி இப்போது நாங்களே மாற்றிக்கொள்கிறோம். சமையல் குறிப்பு மாதிரியே எழுதுகிறேனே!

தேவையானவை: புத்தகத்தில் சொன்ன வகைக் கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர், அகலமான பழைய பேசின், புனல், ரப்பர் கையுறை, பழைய துணி.

செய்முறை: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஆரம்பியுங்கள். மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திறக்கவும். ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, பழசைப் பேசினில் பிடிக்கவும். கலங்கலாக வந்தால் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நன்றாக ஆறின பிறகு மறுபடி வடிக்கவும். தெளிவாக வரும்வரை இப்படி அலச வேண்டும்.

அலசின தண்ணீர் எஞ்சினுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் கலக்காத கூலண்ட் வாங்கியிருந்தால், மொத்தக் கொள்ளளவில் பாதி அளவை முதலில் ஊற்றுங்கள். 4 லிட்டர் பிடிக்கும் வண்டி என்றால் 2 லிட்டர். மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பவும்.

பிறகு மூடி போடாமலே எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே சிக்கின காற்று குமிழி குமிழியாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊற்றவும். அந்த நேரம் முகத்தை மேலே நீட்ட வேண்டாம். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, பக்கத்து டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும்படி நிரப்பவும். மறுநாள் காலை ஆறின பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புடவைத் தலைப்பையும் பின்னலையும் செருகிக்கொள்ளுங்கள்! எஞ்சின் அணைந்திருந்தாலும் சூட்டில் மின்விசிறி தானாகச் சுற்றும். ரேடியேட்டரில் மூடியே இல்லாத புது மாடல்களையும், பேட்டரி கார்களையும் ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது.

இனி சொல்லப் போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தடவை மாற்றியபோது மிஞ்சின கூலண்டைப் பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றிக் கொல்லைப்புறத் திண்ணையில் வைத்தேன். அழகான ரோஜா நிறம். கை கழுவிவிட்டுத் திரும்பினால், நாத்தனாரின் நாலு வயசுப் பெண் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அத்தை, ரோஸ்மில்க் எனக்கு!” என்கிறாள். மூடியைத் திறக்கத் தெரியாததால் குழந்தை பிழைத்தது. அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும். ஆனால் கொடிய விஷம். சின்னக் குழந்தைக்கு இரண்டு வாய்கூட உயிருக்கு ஆபத்து. முதலில் தள்ளாட்டம், வாந்தி என்று சாதாரணமாகத்தான் தெரியும். சில மணி நேரத்தில் இதயத்தையும் பிறகு சிறுநீரகத்தையும் பாதிக்கும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து, டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

ஆகவே மிச்சத்தை அதன் சொந்த டப்பாவிலேயே மூடி, பூட்டி வையுங்கள். தரையில் சிந்தினதைத் துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; நாயும் பூனையும் நக்கும். பழசைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கொதிநீர் பட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். தயிர், பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். வழியில் வண்டி சூடேறினால் ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறும்வரை காத்திருங்கள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யார் பானெட்டைத் திறந்தாலும் மாமியார்தான் முதலில் குரல் கொடுப்பார்: “ஆவி அடங்கிச்சாப்பா?”