பெங்களூருக்கு ஓர் ஈடு, டெல்லிக்கு ஆறு

சென்னை விமான நிலையத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் சுமார் 270 கி.மீ. டெல்லி சுமார் 1,760 கி.மீ. பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் இது. டெல்லி ஆறரை மடங்கு தள்ளி இருக்கிறது. பெங்களூருக்குப் பயணச்சீட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் டெல்லி போக ஏழு மணி நேரமாவது ஆக வேண்டும். ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிறோம்.

இட்லிப் பானையைப் பாருங்கள். ஓர் ஈடு வேகப் பத்து நிமிடம் போதும். ஆனால் முதல் ஈடு தட்டுக்கு வர அரை மணி ஆகிவிடும். தண்ணீர் கொதிக்க வேண்டும், வெந்த பிறகு சற்று ஆறினால்தான் இட்லியை ஒட்டாமல் எடுக்க முடியும். அதற்காக ஆறு ஈட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடாது. கொதித்த பானை கொதித்ததுதான்.

உயரத்தில் சீராகப் பறக்கும் ஏர்பஸ் 320 மணிக்குச் சுமார் 830 கி.மீ. போகும். அந்த வேகத்தில் பெங்களூரு வெறும் 20 நிமிடம். டெல்லி 2 மணி 7 நிமிடம். பயணச்சீட்டு நேரத்திலிருந்து இவற்றைக் கழித்தால் இரண்டிலும் முக்கால் மணியை ஒட்டித்தான் மிஞ்சும். தண்ணீர் கொதிக்கிற நேரம் இதுதான்.

இது எங்கே போகிறது? சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து, போன ஊரில் மீண்டும் கட்டை வைக்கும்வரை பயணநேரம் என்றே கணக்கு. ஓடுபாதை வரை ஊர்வது, முறைக்காகக் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. மேலேறிய பிறகும் 10,000 அடிக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கி.மீ.க்கு மேல் பொதுவாக அனுமதி இல்லை. 35,000 அடியிலிருந்து இறங்கவே ஏறக்குறைய 200 கி.மீ. தேவை. பெங்களூரு விமானத்துக்கு அவ்வளவு உயரம் போக வழியே இல்லை. ஏறி முடிப்பதற்குள் இறங்கும் வேளை வந்துவிடும்.

இதற்குமேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியும் போடுகின்றன. எட்டு மணிக்கு இலை போடுவோம் என்று சொல்லிவிட்டு ஏழே முக்காலுக்கே பானையை இறக்கிவைக்கும் சாமர்த்தியம்தான். விமானி அறிவிக்கும் நேரம் சீட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்; அவர் சொல்வது வானில் இருக்கும் நேரத்தை மட்டும்.

காற்றுக்கு மட்டும் அடுப்பங்கரையில் பொருத்தம் தேட வேண்டாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுக்கும். அதனால் டெல்லியிலிருந்து கொல்கத்தா போவதைவிடத் திரும்பி வரக் கூடுதல் நேரம் ஆகிறது. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்தது. லண்டனிலிருந்து எதிர்த்திசையில் போகும் விமானங்கள் அந்தக் காற்றை விலக்கிச் சுற்றிப் போவதுண்டு. தூரம் கூடும், நேரம் குறையும்.