காந்தத்தில் திரும்பும் படிகம்: கே.எஸ். கிருஷ்ணனின் இயற்பியல்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தபின் கல்கத்தா சென்று, 1923 முதல் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தார். ராமன் விளைவை அறிவித்து 1928 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்த குறிப்பில் ராமனோடு அவர் பெயரும் இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். தமக்கே உரிய ஆய்வுத்துறையை அவர் அங்கேதான் கண்டுகொண்டார். படிகங்களின் காந்தப் பண்பே அது.

படிகம் எல்லாத் திசைகளிலும் காந்தத்துக்கு ஒரே அளவில் இணங்குவதில்லை. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப் புலத்துக்குள் தொங்கவிட்டால், அது தானே திரும்பி ஒரு நிலையில் நிற்கும். இழையின் மேல்முனையை மெல்லத் திருகினால் முறுக்கு ஏறும். படிகமோ சிறிதளவே நகர்ந்து, காந்தத்தின் பிடியில் நிற்கும். தன் நிலையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகியதும் பிடி விட்டுப்போய், சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை மேல்முனையை எத்தனை பாகை திருகினோம் என்ற கணக்கிலிருந்தே, திசைக்குத் திசை காந்தப் பண்பு எவ்வளவு மாறுகிறது என்று சொல்லிவிடலாம். குகா, பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து படிகக் காந்தவியல் பற்றிய தம் முதல் விரிவான கட்டுரையை 1933-இல் அவர் வெளியிட்டார்.

இந்த அளவீடு மூலக்கூறுகளின் கிடப்பையும் காட்டிக்கொடுத்தது. பாச்சை உருண்டையாக விற்கப்படும் நாப்தலீனின் மூலக்கூறு தட்டையானது. காந்தப் புலம் அந்தத் தட்டுக்குச் செங்குத்தாக இருக்கும்போதுதான் அது புலத்தை எதிர்க்கும் தன்மை மிகுதி. ஆகவே முழுப் படிகத்தின் காந்தப் பண்பை அளந்தால், உள்ளே தட்டுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று கணிக்கலாம். எக்ஸ் கதிர் ஆய்வுக்கு இது நல்ல துணையாயிற்று. படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலுடன் 1936-இல் அவர் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதே.

பென்சிலில் உள்ள கிராஃபைட்டையும் அவர் விடவில்லை. கரி அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்த பொருள் அது. அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் அதன் காந்த எதிர்ப்பு மிகப் பெரிது. அடுக்கின் தளத்துக்குள் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடுவதே காரணம் என்று கங்குலியுடன் சேர்ந்து விளக்கினார். அதில் ஒற்றை அடுக்கைத்தான் இன்று கிராஃபீன் என்கிறோம்.

1933-இல் கல்கத்தா திரும்பி, மகேந்திரலால் சர்க்கார் பெயரிலான பேராசிரியர் பதவியை ஏற்றார். 1940-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகம் சென்றார். 1946-இல் சர் பட்டம் பெற்றார். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நிர்வாகப் பொறுப்புக்கு நடுவிலும், சூடேறிய உலோகங்கள் எலக்ட்ரான்களை உமிழ்வதை ஆராய்ந்தார். 1954-இல் பத்ம பூஷண் கிடைத்தது. அறிவியலுக்கான பட்நாகர் விருது 1958-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே. 1961 ஜூனில் காலமானார்.